பீகாக் ஈலா, ஃபயர் ஈலா?

வீட்டு மீன் தொட்டியில் ஆரல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மீன்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். குட்டியாக இருக்கும்போது இரண்டும் விரல் நீளம்தான். இரண்டும் கூர் மூக்கை ஆட்டி ஆட்டி மணலை மோப்பம் பிடிக்கும். பெயரில் ஈல் இருந்தாலும் இவை விலாங்கு இல்லை, ஆரல் குடும்பம். முதுகுத் துடுப்புக்கு முன்னால் குட்டி முட்கள் வரிசையாக இருக்கும், வெறுங்கையால் பிடித்தால் குத்தும்.

பீகாக் ஈல் தொட்டியில் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும். 150 லிட்டர் கொண்ட தொட்டி அதற்குப் போதும். ஃபயர் ஈல் இயற்கையில் 1 மீட்டர் வரை வளரக்கூடியது, வீட்டிலேயே 50 செ.மீ. தாண்டிவிடும். உடம்பு திரும்ப இடம் வேண்டுமென்றால் 6 அடி நீளம், 2 அடி அகலமாவது இருக்க வேண்டும். "இப்போதைக்குச் சின்னத் தொட்டி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஃபயர் ஈலை வாங்காதீர்கள். அந்த 'அப்புறம்' பல வீடுகளில் வருவதே இல்லை, மீன்தான் வளைந்து கிடந்து அவதிப்படுகிறது.

அப்படியானால் பீகாக்தான் சுலபமா? தொட்டியைப் பொறுத்தவரை ஆமாம். சாப்பாட்டில் கதை தலைகீழ். ஃபயர் ஈல் பழகிவிட்டால் பகலிலேயே வெளியே வரும், ஆளை அடையாளம் கண்டு கையிலிருந்தே புழுவை வாங்கித் தின்னும். பீகாக் கடைசிவரை கூச்சம் விடாது. மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற மீன்கள் முண்டியடித்துத் தின்று முடித்த பிறகே மெல்ல எட்டிப் பார்க்கும்.

என் முதல் பீகாக் ஈலை டைகர் பார்ப் என்ற துறுதுறு மீன்களோடு விட்டிருந்தேன். அது ஒளிந்தே இருப்பது அதன் சுபாவம் என்று நினைத்துவிட்டேன். சில வாரம் கழித்துப் பார்த்தபோது வயிறு ஒட்டி, நூல் மாதிரி ஆகியிருந்தது. பட்டினியால்தான் செத்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. பீகாக் வளர்க்க நினைப்பவர்கள் கூடவே மேல்மட்டத்தில் நீந்தும் சாதுவான மீன்களை மட்டும் வையுங்கள். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, ஒரு நீளக் குழாய் வழியாக அது ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தீனியைப் போடுங்கள். கண்ணைவிட மூக்கை நம்பித் தேடுகிற மீன் அது.

எதைப் போடுவது? என் ஓட்டு மண்புழுவுக்குத்தான். அதன் வாசனைக்கு, பல நாள் சாப்பிடாமல் கிடந்த ஆரல்கூட வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்து, ஒரு நாள் ஈரத்துணியில் வைத்திருந்து, குடல் காலியானதும் கழுவிப் போட வேண்டும். ஃபயர் ஈல் முழுசாக விழுங்கும். பீகாக்குக்கு வாய் ரொம்பச் சின்னது, பொடிப்பொடியாக நறுக்கியாக வேண்டும். இந்த வேலை பிடிக்காதவர்களுக்கு கடையில் உறைய வைத்து விற்கும் ரத்தப்புழு (சிவப்பு நிறச் சின்னப் பூச்சிப்புழு) வசதி. பீகாக்கின் வாய்க்கும் சரியான அளவு. ஆனால் வளர்ந்த ஃபயர் ஈலுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, இறால் துண்டும் மண்புழுவும் கொடுத்தால்தான் தாங்கும். பீகாக்குக்கும் ரத்தப்புழுவையே தினமும் போடாமல் இடையிடையே மாற்றிக் கொடுங்கள். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயைக் கொண்டுவரும் என்பதால் உயிரோடு போடுவதை நான் நிறுத்திவிட்டேன். பெல்லட்டை, அதாவது உலர்ந்த தீனி உருண்டையை நம்பி இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். பழகும் மீன்கள் உண்டு, பழகாமலே மெலிந்து போகிறவைதான் அதிகம்.

குட்டிகளுக்குத் தினமும், வளர்ந்த ஃபயர் ஈலுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். மிச்சத்தை எடுத்துவிடாவிட்டால் மணலுக்குள் அழுகித் தண்ணீர் கெடும். பெரிய ஃபயர் ஈல் தின்கிற அளவுக்குக் கழிவும் போடும், அதற்கு ஃபில்டர் பலமாக இருக்க வேண்டும். இன்னொன்று, வாய்க்குள் அடங்குகிற நியான் டெட்ரா போன்ற சின்ன மீனை அது விட்டுவைக்காது. பீகாக் அந்த விஷயத்தில் பரவாயில்லை, மீன் குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து.

மற்றபடி இரண்டுக்கும் தேவை ஒன்றுதான். 24 முதல் 28 டிகிரி சூடு, ஒளிய ஒரு குழாய், நைசான மணல். கூரான ஜல்லியில் புதையப் போனால் தோல் கிழிந்து, அந்தக் காயத்தில் தொற்று ஏறும். செதில் மிகச் சின்னது என்பதால் மருந்தையும் தாங்காது. காப்பர் கலந்தது வேண்டவே வேண்டாம்.

150 லிட்டர்தான் இடமிருக்கிறது, ராத்திரி பத்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் பீகாக் வாங்குங்கள். 6 அடித் தொட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஃபயர் ஈல். எதுவானாலும், வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு புழுவைப் போடச் சொல்லி, அது தின்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வீட்டில் தொட்டி மூடியில் ஃபில்டர் குழாய் நுழைகிற இடுக்கை அன்றைக்கே ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். ஆரல் தப்பிப்பது பெரும்பாலும் முதல் சில ராத்திரிகளில்தான்.