பொடிசுகள் முதலிலா, பத்தாம் வகுப்பு முதலிலா? டென்மார்க்கும் தமிழ்நாடும்

கொரோனாவுக்காக 2020 மார்ச் நடுவில், ஏறத்தாழ ஒரே வாரத்தில், டென்மார்க்கிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிகளைப் பூட்டினார்கள். திறந்த விதம்தான் நேர் எதிர். டென்மார்க்கில் ஏப்ரல் 15 அன்றே மழலையர் காப்பகங்களும் ஐந்தாம் வகுப்பு வரையிலான வகுப்புகளும் திறந்தன. பெரிய பிள்ளைகள் மே 18 வரை காத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடி, செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கு நவம்பர் 1. அதாவது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பத்தொன்பது மாதத்துக்கு மேல்.

ஐம்பத்தெட்டு லட்சம் பேர் வாழும் நாட்டையும் ஏழு கோடிக்கு மேல் வாழும் மாநிலத்தையும் பக்கத்தில் வைத்து, யார் கொரோனாவை நன்றாகச் சமாளித்தார்கள் என்று கேட்பது நியாயமில்லை. நான் பார்ப்பது வரிசையை மட்டும். யாரை முதலில் உள்ளே விடுவது?

டென்மார்க் சொன்ன காரணத்தில் பாசாங்கு இல்லை. சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் அப்பா அம்மா வேலை பார்க்க முடியாது. பதினான்கு வயதுப் பிள்ளையைக் கணினி முன் உட்கார வைக்கலாம், ஆறு வயதை முடியாது. எதிர்ப்பு இல்லாமலில்லை. 'என் குழந்தை சோதனை எலி அல்ல' என்ற பொருளில் பெற்றோர் ஃபேஸ்புக்கில் குழுவே தொடங்கினார்கள். ஆனாலும் திறந்தார்கள். மேசைக்கு மேசை இரண்டு மீட்டர் இடைவெளி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைகழுவல், முடிந்தவரை வெளியே பாடம். அந்த வசந்தத்தில் பிள்ளைகளுக்கு முகக்கவசம் கூட இல்லை. அடுத்த வாரங்களில் அங்கே தொற்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது கட்டட அமைப்பு. டென்மார்க்கின் பொதுப்பள்ளியில் சின்னவர்களும் ஒன்பதாம் வகுப்பினரும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்ததால் அவர்களுடைய அறைகள் காலி. ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, அங்கே இன்னொரு ஆசிரியரை நிறுத்த முடிந்தது. வரிசையே இடத்தை உண்டாக்கிக் கொடுத்தது.

தமிழ்நாட்டின் காரணம் வேறு: பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் இல்லாமல் இங்கே அடுத்த கதவு எதுவும் திறக்காது. அதுபோக, பெரிய பிள்ளைகள் முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுவார்கள், சொன்னால் கேட்பார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். குழந்தை கிருமியைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வெறும் பயமல்ல. 2020 நவம்பரில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 16-ஆம் தேதி திறப்பதாக இருந்ததைத் தள்ளிவைத்தது இந்தச் சூழலில்தான். ஜனவரியில் அறைக்கு 25 பேர், பெற்றோரின் இசைவுக் கடிதம், சத்து மாத்திரை என்று ஏற்பாட்டோடுதான் திறந்தார்கள்.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு, அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன் பள்ளி இல்லாவிட்டால் வேலைக்குப் போய்விடுவான். அதே வயதுப் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் பலர் திரும்புவதில்லை. ஏழு வயதுக் குழந்தை பின்தங்கலாம், தொலைந்து போகாது. பெரியவர்கள் முதலில் என்ற கட்சிக்கு இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் வாதமாக முன்வைக்கப்பட்டது தேர்வு. அந்தத் தேர்வு என்ன ஆனது? ஜனவரி 19 அன்று பள்ளி திறந்து ஆறு வாரம் கூட ஆகவில்லை, பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்து. எதற்காக அவர்களை முன்னால் நிறுத்தினோமோ அதுவே இல்லாமல் போனது.

சரி, தொற்றுக் கணக்கில் பார்த்தாலாவது பெரியவர்கள் முதலில் என்பது பாதுகாப்பானதா? இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். மேல்நிலைப் பள்ளிக்குப் பத்து ஊரிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் வருகிறார்கள். அறைக்குள் 25 பேர் என்று எண்ணி உட்கார வைக்கலாம். எட்டரை மணி டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் யார் எண்ணுவது? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பல ஊர்களில் அது ஈராசிரியர் பள்ளி, மொத்தமே முப்பது நாற்பது பிள்ளைகள். அங்கே இடைவெளியை உண்டாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. வேப்பமரமோ புங்கமரமோ கூட இருக்கும். திறக்க மிகச் சுலபமான பள்ளிதான் கடைசி வரை பூட்டிக் கிடந்தது. நகரத்தின் நெரிசலான தனியார் தொடக்கப் பள்ளிக்கு இந்த வாதம் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

பருவமும் ஒரு விஷயம். டென்மார்க் திறந்தது வசந்தத்தில், வெளியே உட்காரலாம். நம் சின்னவர்கள் வந்த நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழையின் நடுமத்தி. காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திற என்கிறது வழிகாட்டி நெறிமுறை. திறந்தால் சாரல் அடிக்கிறது. அடுத்த வாரமே சென்னையில் வெள்ளம், விடுமுறை. ஜனவரியில் வந்த பெரியவர்களுக்கு இருந்த நல்ல வானிலை இவர்களுக்கு வாய்க்கவில்லை.

என் அக்கா மகன் 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். பள்ளிக்கு முதல் முதலாகப் போனது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பு மாணவனாக. முதல் நாள் டீச்சர் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவை. இவன் மற்ற பிள்ளைகளைப் போலவே யார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான். வீட்டில் அவன் குட்டா. பதிவேட்டில் இருக்கும் அந்த நீளமான பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது. அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது பாதிப் பள்ளி. எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு அது வெறும் படம். சுழற்சி முறையும் அப்படித்தான்: ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் பதினொன்றாம் வகுப்பு மாணவி குறிப்பெடுத்துக்கொண்டு போய் வீட்டில் படிப்பாள், இரண்டாம் வகுப்புக் குழந்தை திங்கள்கிழமை கற்ற எழுத்தைப் புதன்கிழமை மறந்துவிட்டு வரும். அதனால் என் ஓட்டு டென்மார்க் வரிசைக்கே, ஒரு திருத்தத்தோடு: பெரியவர்களில் இடைநிற்கும் ஆபத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லித் தேடிப்பிடித்து, சின்னவர்களோடு சேர்த்தே வரவழைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு பின்னால் செய்தவையும் அந்தப் பக்கமே சாய்கின்றன. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. மாலையில் தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குத் தெருவிலேயே பாடம் எடுத்தார்கள். 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அதுவும் முதல் மூன்று வகுப்புகளுக்கு. மூடியிருந்த காலத்தில் விட்டுப்போன அடிப்படையை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துதான் இருந்தது.

அடுத்த அலையில் இரண்டு இடங்களிலும் என்ன செய்தார்கள்? டென்மார்க் 2021 பிப்ரவரி 8 அன்று மறுபடி நான்காம் வகுப்பு வரையிலானவர்களைத்தான் முதலில் அழைத்தது. தமிழ்நாடு ஒமைக்ரானுக்குப் பிறகு, 2022 பிப்ரவரி 1 அன்று, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லாரையும் ஒரே நாளில் அழைத்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு மட்டும் 16-ஆம் தேதி.