பார்லி சக்கையா, ஈஸ்ட் வண்டலா?

புதுச்சேரியில் பீர் வடிக்கும் இடங்களில் மிஞ்சும் பார்லி சக்கை, ஈஸ்ட் வண்டல் இரண்டில் ரொட்டிக் கடைக்காரர் எதை வாங்கலாம்? என் ஓட்டு சக்கைக்கே. ஈரச் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்து நாறிவிடும். வடித்த அன்றே உலர்த்தி அரைத்துவிட வேண்டும். அந்த மாவில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து, ஐந்தில் ஒரு பங்கு புரதம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் ரொட்டி பழுப்பேறி, வறுத்த தானிய மணம் வீசும். அளவு மீறினால் சரியாக உப்பாது, வாயில் உமி நெருடும். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது.

ஈஸ்ட் வண்டலை உலர்த்தினால் பாதிக்குப் பாதி புரதம், கூடவே பி வைட்டமின்கள். ஆனால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பை நீக்கியாக வேண்டும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கும் உகந்ததல்ல. இங்கிலாந்தில் 1902 முதல் அதைச் சாறாக்கி, ரொட்டியில் தடவும் மார்மைட் என்ற பசையைத் தயாரிக்கிறார்கள். அது ஆலை வேலை. சிறிய கடைக்குக் கட்டுப்படியாகாது.