பச்சை வட்டத்தை நம்பி மாட்டிக்கொண்ட கதை

பெங்களூரு பீன்யாவில், மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் சோல்டரிங் ஸ்டேஷன் செய்து விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கும் கம்ப்ளையன்ஸும், அதாவது அரசு விதிகளைப் பின்பற்றுகிறோமா என்று பார்ப்பதும், என் பொறுப்பு. கெஜட்டில் (அரசிதழில்) வரும் விதிகளைக் கண்காணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கட்டி வந்தோம். அதை நம்பி ஒரு நல்ல ஆர்டரை இழந்தோம். விற்றவர்களின் பெயரைப் போட வேண்டாம் என்று எங்கள் எம்.டி. சொல்லிவிட்டார், போடவில்லை. இதே மாதிரி மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

2022 ஜூனில் விற்க வந்த பையன் தருமபுரிக்காரன். ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் ஒரு தர்ஷினியில் நின்றபடி ஒன் பை டூ காபி குடித்துக்கொண்டே பேசினான். "அண்ணா, நீங்க இனிமே கெஜட் பக்கமே போக வேணாம். எல்லாம் இதுல வந்துரும். நமக்குப் பொருந்தாததை டிஸ்மிஸ் பண்ணிட்டே வாங்க, மிச்சத்தை மட்டும் செஞ்சா போதும்." நம்ம ஊர்ப் பையன், நம்ம மொழியில் பேசுகிறான். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அது என் தப்பு.

முதல் வாரம் மென்பொருளின் பெட்டியில் 1,300 சொச்சம் விதிகள் வந்து விழுந்தன. நானும் என் உதவியாளர் தம்பியும் மூன்று நாள் உட்கார்ந்து தள்ளினோம். தேயிலை வாரியம், கப்பல் துறை, நிலக்கரி என்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவைதான் முக்கால்வாசி. அதில் 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளும் இருந்தன. அந்தப் பட்டியலில் மொத்தம் 21 பொருட்கள்: கம்ப்யூட்டர், பிரிண்டர், போன், டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இப்படி. சோல்டரிங் ஸ்டேஷன் கிடையாது. தம்பி டிஸ்மிஸ் பண்ணினான். இன்றைக்குக் கேட்டாலும் அன்று அவன் செய்தது சரிதான் என்பேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரு மெயில் வரும். பெரிய பச்சை வட்டம், நடுவில் பூஜ்யம். நிலுவையில் எதுவும் இல்லை என்று அர்த்தம். எம்.டி. அதைப் பிரிண்ட் எடுத்து ஐ.எஸ்.ஓ. ஃபைலில் வைக்கச் சொல்வார். நூறு வட்டமாவது அந்த ஃபைலில் இருக்கும்.

2024 செப்டம்பரில் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனி 60 ஸ்டேஷன் கேட்டது. வெண்டர் படிவத்தில் ஒரு கேள்வி: மின்னணுக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளர் பதிவு எண் என்ன? நான் தயங்காமல் 'பொருந்தாது' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அவர்களுடைய குவாலிட்டி மேடம் கூப்பிட்டார். அவரும் தமிழ்தான். "சார், சோல்டரிங் ஐட்டம் லிஸ்ட்ல இருக்கே. பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. 2016 விதிகளை அப்படியே மாற்றிவிட்டு புதிய விதிகள் 2022 நவம்பர் 2 அன்று வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 21 பொருட்கள் 106 ஆகிவிட்டன. பொம்மை, மருத்துவக் கருவி, லேப் கருவி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. மின்கருவிகள் என்று தனிப் பிரிவே இருக்கிறது. டிரில்லிங் மெஷின், தையல் மெஷினோடு வெல்டிங், சோல்டரிங் சாமான்களும் அதில்தான். மைக்ரோ எனப்படும் மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நாங்கள் மைக்ரோ இல்லை. சொந்தப் பெயர் போட்டு விற்கிறோம், ஆகவே விதியின் கணக்கில் நாங்கள் உற்பத்தியாளர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் பதிவு இல்லாமல் விற்கவே கூடாது.

அப்படியானால் அந்த நவம்பரில் மென்பொருள் என்ன செய்துகொண்டிருந்தது? டிஸ்மிஸ் ஆனவை இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். கடைசி 90 நாள் மட்டும்தான் தெரிந்தது. சப்போர்ட்டுக்குப் போன் போட்டால், பழைய வரலாறு வேண்டுமென்றால் மேல் பிளானுக்கு மாற வேண்டும் என்றார்கள். நாங்கள் தள்ளியதை நாங்கள் பார்க்க நாங்களே காசு கட்ட வேண்டுமாம்! பத்து நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் இருந்த நான்கு வரி எனக்கு மனப்பாடம்:

ஜி.எஸ்.ஆர். 801 (இ)
நிலை: ஆட்டோ டிஸ்மிஸ்ட்
செய்தவர்: டெலீட்டட் யூசர்
காரணம்: –

முதல் வரிதான் அந்தப் புதிய விதிகளின் கெஜட் எண். தம்பி 2023லேயே ஒயிட்ஃபீல்டில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் லாகினை நீக்கியதும் பேரும் சேர்ந்து போய்விட்டது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. 'ஆட்டோ' என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு விதியை டிஸ்மிஸ் பண்ணினால் அதன் தொடர்பான விதிகளையும் தானே தள்ளிவிடும் வசதியாம். செட்டிங்ஸில் எங்கோ ஒரு டிக், முதல் நாளிலிருந்தே போட்டபடி வந்திருக்கிறது. பழைய விதியைத் தள்ளியதால், அதை ரத்து செய்து வந்த புதிய விதியும் போய்விட்டது. 2023இல் அதற்கு வந்த திருத்தங்களும் அதே குழியில். அத்தனை திங்கட்கிழமையும் பச்சை!

"நீங்கதானே சார் டிஸ்மிஸ் பண்ணீங்க" என்றார் சப்போர்ட் ஆள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஒரு விதி நமக்குப் பொருந்தாது என்பது விதியின் குணமில்லை. அன்றைய பட்டியல், அன்றைய நம் சரக்கு, அன்றைய நம் டர்ன்ஓவர் மூன்றும் சேர்ந்த கணக்கு. மூன்றில் ஒன்று மாறினால் போச்சு. அதனால் தள்ளியவற்றின் பட்டியல் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைவிட முக்கியம் என்பேன். வேடிக்கை பாருங்கள், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற எடிட் லாக் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், அதை அணைக்கவே முடியக் கூடாது. அந்த விதியை எங்களுக்குச் சொன்னதே இந்த மென்பொருள்தான். தன் வீட்டில் அது ஒரு லாகும் வைத்திருக்கவில்லை.

வாங்கும் முன் டெமோவில் ஒரு விதியை உங்கள் கையாலேயே டிஸ்மிஸ் பண்ணுங்கள். காரணம் எழுதாமல் விட்டால் ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம். அந்த லாகினை நீக்கச் சொல்லி, பேர் நிற்கிறதா பாருங்கள். நீங்கள் தள்ளிய விதிக்குத் திருத்தம் வந்தால் அது திரும்பப் பெட்டிக்கு வருமா என்று கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள். தள்ளிய பட்டியல் முழுவதையும் எக்செல்லாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அது ரோட்மேப்ல இருக்கு சார்" என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பதிவுக்குக் கன்சல்டண்ட் வைத்தோம். உற்பத்தியாளருக்கு மறுசுழற்சிப் பொறுப்பும் உண்டு; அதற்குப் பல ஆண்டுக்கு முன் விற்ற ஸ்டேஷன்களின் எடைதான் கணக்கு. 2023-24க்கும் 2024-25க்கும் அதில் 60 சதவீதத்துக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும், 2025-26இல் 70. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய இன்வாய்ஸ்களைத் தரையில் பரப்பி வைத்து, மாடலுக்கு இத்தனை கிலோ என்று நானும் எம்.டி.யும் கூட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது தள்ளும் ஒவ்வொன்றையும் ஒரு எக்செல்லில் எழுதுகிறேன். ஏன் பொருந்தாது என்று ஒரு முழு வாக்கியம், என் பேர், அடுத்து எப்போது திரும்பப் பார்ப்பது என்ற தேதி. 340 வரி ஆகியிருக்கிறது. போன வாரம் அந்த தருமபுரிப் பையன் ரினியூவலுக்குப் போன் பண்ணினான், ஆட்டோ டிஸ்மிஸ் இன்னும் டிக் போட்டபடிதான் வருகிறதா என்று கேட்டேன். "கேட்டுட்டு சொல்றேன் அண்ணா" என்றான். இன்னும் சொல்லவில்லை.