நாக்கில் பியர்சிங்: குத்திய பிறகுதான் வேலை அதிகம்

அம்மன் கோயில் திருவிழாவில் நாக்கில் அலகு குத்தி வருபவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் மதுரை. அதனால் நான் நாக்கில் கம்பி போட்டதும் அம்மாச்சி பதறவில்லை. "ஏத்தா, எந்தச் சாமிக்கு நேந்துகிட்ட?" என்றுதான் கேட்டார். ஆனால் இரண்டும் வேறு. வேண்டுதல் முடிந்ததும் அலகை எடுத்துவிடுவார்கள், புண் ஆறிவிடும். இதிலோ உலோகம் வாய்க்குள்ளேயே தங்கி, வருடக்கணக்கில் பல்லோடும் ஈறோடும் குடித்தனம் நடத்த வேண்டும்.

குத்துவது நொடி வேலை. நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. கவனிக்க வேண்டியது, யார் எதை வைத்துக் குத்துகிறார் என்பதைத்தான். நான் முதலில் விசாரித்த ஒரு கடையில், காது குத்தும் துப்பாக்கியே போதும் என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன். அந்தத் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) போட்டுக் கிருமி நீக்க முடியாது, நாக்கின் தடிமனுக்கு அதன் கம்மலும் பற்றாது. பிரிக்காத உறையிலிருந்து எடுத்த, உள்ளே துளையுள்ள ஊசிதான் சரி. நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் ஓடும் ரத்தக்குழாய்களைப் பார்த்துக் குறி வைக்காதவரிடம் நாக்கை நீட்டாதீர்கள்.

நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதியில் தங்கத்திலேயே செய்துகொள்ளலாமே என்றார் அத்தை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 22 கேரட் மென்மையானது, கீறல் விழும், கீறலில் அழுக்கு சேரும். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம்தான் புதுப் புண்ணுக்கு நல்லது. வழக்கமான தடிமன் 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர்.

கஷ்டம் மறுநாள்தான் ஆரம்பிக்கும். வீக்கம் 3 முதல் 5 நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்கு இடம் விட்டுத்தான் முதலில் நீளமான கம்பியாகப் போடுகிறார்கள். இட்லிக்கு நாலு வகைச் சட்னி வைக்கும் ஊரில், வெறும் இட்லியை ஆறவைத்து மோரில் பிசைந்து விழுங்கினேன். சுக்கு போட்ட பருத்திப்பால் பக்கமே போகக் கூடாது, அப்படி எரியும். ஜில்லென்ற ஜிகர்தண்டா நிஜமாகவே இதம்; குடித்ததும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு சலைனிலோ (உப்புக் கரைசல்) ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷிலோ கொப்பளித்தால் போதும். அடிக்கடி கொப்பளித்தால் புண் ஆறத் தாமதமாகும். வெளிர் மஞ்சளாக ஏதாவது கசிந்தால் பெரும்பாலும் நிணநீர்தான், சீழ் இல்லை. காய்ச்சல், கெட்ட வாடை, குறையாமல் ஏறும் வீக்கம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும்.

பேச்சுதான் என்னை அதிகம் படுத்தியது. ழ, ள, ண எல்லாமே நாக்கை மடக்கிச் சொல்ல வேண்டியவை, கம்பி முனையில் இருக்கும் குண்டு அண்ணத்தில் போய் இடிக்கும். போனில் 'பழம்' என்று ஒழுங்காகச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீக்கம் வடிந்ததும் தானாகச் சரியானது.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 2 முதல் 4 வாரத்தில் குத்திவிட்ட பியர்சரிடம் திரும்பப் போய், நீளக் கம்பியைக் கழற்றிக் குட்டையானதைப் போட்டே ஆக வேண்டும். தொங்கும் நீளக் கம்பியைக் கடித்தால் பல் விளிம்பு சிதறும். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் உரசி உரசி ஈறு இறங்கும். இறங்கிய ஈறு தானாக ஏறாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்க்குள் பியர்சிங்கே வேண்டாம் என்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் இதை வைத்திருக்கிறேன், எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் 6 மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் ஈறைக் காட்டுகிறேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாலும் அன்றே கழற்றிவிடுவேன்.

இப்போது தினசரி வேலை கொஞ்சம்தான். காலையில் கை கழுவிவிட்டுத் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன், கம்பியில் காரை படியாமல் மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பேன். பல்லால் குண்டைக் கடித்து விளையாடும் பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் முன்கூட்டியே சொல்லுங்கள், கழற்றச் சொல்வார்கள். ஸ்கேன் முடிந்ததும் தாமதிக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும். நாக்குத் துளை சுருங்க அதிக நேரம் ஆகாது.