நாற்பது சைஸ் டிரெய்னரில் 46 எஞ்சின்: சென்னையில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

டிரெய்னர் என்பது பறக்கவிடப் பழகுவதற்கான மாதிரி விமானம். அதன் பெட்டியில் ‘40’ என்றிருந்தால் அது விமானத்தின் நீளமோ இறக்கையோ அல்ல. 0.40 கன அங்குலக் கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சினுக்கு (மெத்தனாலில் ஓடி, சூடான பிளக்கால் எரிவது) ஏற்ற விமானம் என்று பொருள். ஒரு கன அங்குலம் 16.39 சிசி; ஆக 40 என்பது சுமார் 6.5 சிசி, 46 என்றால் 7.5, 60 என்றால் 9.8. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். அதனால் 40-க்குப் பதில் 52 முதல் 56 வரை போட வேண்டும்.

ஸ்கேல் எண் வேறு கணக்கு; 1/4 என்றால் நிஜ விமானத்தின் அளவில் கால் பங்கு. 1/4 பைப்பர் கப்பின் இறக்கை சுமார் 106 அங்குலம். அதே 1/4-இல் பிட்ஸ் எஸ்-1 வெறும் 52 அங்குலம், நாற்பது சைஸ் டிரெய்னரைவிடக் குறைவு. எனவே ஸ்கேலை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்காதீர்கள். ஒரே விமானம் 1/5-இலிருந்து 1/4-க்குப் போனால் இறக்கைப் பரப்பு சுமார் 1.56 மடங்கு, எடையோ ஏறக்குறைய இரு மடங்கு.

பல 40, 46 எஞ்சின்களுக்கு வெளிக்கூடு ஒன்றே. மவுண்ட் துளைகளும் பொருந்தும். அதனால் 46 போடுவது சரியான முடிவு. 60 போடுவது வீண் ஆசை. மூக்கு கனக்கும், அதைச் சமன் செய்ய வாலில் ஈயம் ஏறும், தரையிறங்கும் வேகம் கூடும். 46-க்கு ப்ரொப் (முன்விசிறி) 11×6: விட்டம் 11 அங்குலம், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், 6 அங்குலம்.

இந்த ஊரில், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வுதான் பாடாய்ப் படுத்தும். மே மாத மதியச் சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவு. அப்போது வைத்த அமைப்பை மார்கழிக் காலையில் தொடாமல் விட்டால், காற்று அடர்ந்து, அதற்கு எரிபொருள் போதாமல் கலவை மெலிந்துவிடும். அடையாளம்: மூக்கைத் தூக்கிப் பிடித்தால் சத்தம் தொய்யும், தலை கொதிக்கும், பிளக் போகும். உச்ச வேகம் கண்டபின் 300 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) குறையும்வரை ஊசியைத் திறந்து வையுங்கள்.

மெத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் பேரிங் துருப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். பறந்து முடிந்ததும் டேங்கை வடித்து, எஞ்சினில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்து, கார்புரேட்டரில் சில துளி ஆஃப்டர்-ரன் ஆயில் (துரு தடுக்கும் எண்ணெய்) விட்டு, ப்ரொப்பைக் கையால் சுற்றி வையுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் எண்ணும் நேரடியாக சிசி: 20 சிசி என்பது பழைய 120 (1.20 கன அங்குல) க்ளோவின் கொள்ளளவு.