நார்வேயின் ஆளில்லா மலைக்குடில்கள்: போய்த் தங்கலாமா?

1868-இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம், சுருக்கமாக டிஎன்டி, 500-க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. ஆள் வைத்துச் சமைத்துப் போடும் குடில்கள் கிட்டத்தட்ட ஓட்டல்தான், அதை விடுங்கள். சுவாரஸ்யமானது சுயசேவைக் குடில். கட்டில், போர்வை, விறகு, கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு. கூடவே ஒரு சரக்கறை. குழாய்த் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். கழிப்பறை பெரும்பாலும் வெளியே. உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் துணி உறையை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரும்பாலான பூட்டுகளுக்கு ஒரே சாவி. உறுப்பினராகி, முன்பணம் கட்டி, மலையேறும் முன்பே வாங்கிவிட வேண்டும். மேலே போய்க் கேட்க ஆள் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் விறகடுப்புதான் முதல் வேலை. புகைபோக்கித் தடுப்பைத் திறக்காமல் பற்றவைத்தால் அறை முழுக்கப் புகை. பூர்ச்சமரப் பட்டை ஈரத்திலும் பிடிக்கும். அதன்மேல் சன்னச் சிராய், பிறகு கட்டை. பனிக்காலத்தில் தண்ணீர் என்றால் பனியை உருக்குவதுதான். வெறும் பாத்திரத்தில் பனியை அள்ளிப் போட்டால் அடி தீய்ந்து, தண்ணீரில் தீய்ந்த வாடை வரும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பனியைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேருங்கள். புதுப்பனி பத்து லிட்டர் உருகினால் ஒரு லிட்டர் தேறும், அவ்வளவுதான்.

சரக்கறையில் டப்பா மீன், இறைச்சி, பாஸ்தா, சூப் பொடி, மொறுமொறு ரொட்டி, காபி. புதுக் காய்கறி கிடையாது. சைவக்காரர்களுக்குத் தேர்வு குறைவு. பெருங்காயம், மிளகாய்ப்பொடி, அவல் கொண்டுபோவது நல்லது. துவரம்பருப்பு வேண்டாம்: 1,300 மீட்டரில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கரும் இல்லை, கேஸ்தான் வீண். மைசூர்ப் பருப்பை ஊறவைத்தால் சீக்கிரம் குழையும். அவலுக்கு வெந்நீர் போதும்.

எடுத்ததை நீங்களே எழுதி, நீங்களே கணக்குப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். கடையைவிட விலை கூடுதல்தான். பனி ஸ்கூட்டரில் ஏற்றிவந்த சரக்கு என்று நினைத்தால் நியாயம் புரியும்.

கிளம்பும்போது விறகுப்பெட்டியை நிரப்பி, தரையைத் துடைத்து, கேஸ் வால்வை மூடுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில்தான் கொட்ட வேண்டும். உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

முன்பதிவில் ஒன்றைக் கவனியுங்கள். சேவையில்லாக் குடில் என்று இன்னொரு வகை உண்டு. அடுப்பும் விறகும் கட்டிலும் அப்படியே இருக்கும், சரக்கறை மட்டும் இருக்காது. கலைமான் குட்டி போடும் இளவேனிலில் சில குடில்களைச் சில வாரம் பூட்டியே வைப்பார்கள். தேதியையும் வகையையும் பார்த்த பிறகே மூட்டையைக் கட்டுங்கள்.