மமியா சி220 வாங்கப் போகிறவர்கள் கீழ் லென்ஸைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சேலத்தில் பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கி விற்கும் ஒருவர், மமியா சி220 ஒன்றை 80, 105 எம்எம் என இரண்டு லென்ஸ் செட்டோடு சேர்த்து 38,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார். பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்தாகிவிட்டது, அது அதன் வழியில் போகட்டும். 35 எம்எம் ஃபிலிமிலிருந்து அதைவிட அகலமான 120 ஃபிலிமுக்கு மாறுகிற அடுத்த ஆளிடமும் இதே வித்தையைக் காட்டுவார் என்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. ஷட்டரும் பாடியில் கிடையாது, கீழ் லென்ஸுக்குள்தான் இருக்கிறது. ஆக இந்த கேமராவில் லென்ஸ் வாங்குவது என்றால் ஷட்டரையும் சேர்த்து வாங்குவதுதான்.

கடையில் அவர் மூடியைத் திறந்து வியூஃபைண்டரைக் காட்டினார். அஸ்தம்பட்டி ரோடு அதில் துல்லியமாகத் தெரிந்தது. "பாத்தீங்களா தம்பி, கண்ணாடி எப்படி பளிச்சுன்னு இருக்கு!" பளிச்சென்று இருந்தது மேல் லென்ஸ். ஃபிலிமுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஷட்டரை 1/125 வினாடியில் வைத்து டிக், டிக் என்று அடித்துக் காட்டினார். "ஒரு செகண்ட் வைங்கண்ணா" என்றதற்கு, "சும்மா அடிச்சா ஸ்பிரிங் போயிடும் தம்பி" என்றார். சுத்தப் பொய். ஓரிரு முறை அடித்துப் பார்ப்பதால் ஷட்டர் கெடாது.

முதல் ரோலை ஏற்காட்டில் எடுத்தேன். குறைந்த வெளிச்சத்துக்கும் ஏற்ற ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்தான், ஆனாலும் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலும் மூடுபனியும் சேர்ந்தால், லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சிறிதாக்கியதில் அரை வினாடி வரை போகவேண்டியிருந்தது. கழுவி வந்த நெகட்டிவில் அந்த ஃபிரேம்கள் எல்லாம் கறுத்துப் போயிருந்தன, அவ்வளவு ஓவர் எக்ஸ்போஷர், அதாவது அளவுக்கு மீறிய வெளிச்சம். சரி, ஒளியை அளக்கும் மீட்டரில் கோளாறு என்று பார்த்தால், ஏற்காட்டின் லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டில் நல்ல வெயிலில் எடுத்தவற்றிலும் வானத்தின் வெளிச்சம் மரக்கிளைகள் மேல் வழிந்து, எல்லாமே சாம்பல் பூத்துக் கிடந்தது.

பின்கதவைத் திறந்து, அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்தே நிற்கும் 'பி'-யில் வைத்துப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் லென்ஸின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை, வேர் பரவினாற்போல் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. அடுத்து ஒரு செகண்டில் வைத்து அடித்தேன். ஷட்டரின் இலைகள் திறந்தன, திறந்தபடியே நின்றன, அப்புறம் பாதி மூடி, யோசித்து, ஊர்ந்து மூடிக்கொண்டன. 1/60-உம் அதைவிட வேகமானவையும் சரியாக ஓடின, மெதுவான வேகங்களில்தான் ஷட்டர் மாட்டிக்கொண்டு வெளிச்சத்தைக் கூடுதலாக விட்டிருக்கிறது. அவர் 1/125-ஐ விட்டு மெதுவான வேகங்களுக்கு டயலைத் திருப்பாததற்குக் காரணம் இதுதான்.

திருப்பிக் கொண்டுபோனதும், "ஏற்காட்டுக்குக் கொண்டு போனீங்கல்ல, அங்க பனியில புடிச்சிருக்கும்" என்றாரே பார்க்கலாம்! ஏற்காடு ஈரமான ஊர்தான், மறுக்கவில்லை. அதற்காக ஒரு நாள் பனியில் ஃபங்கஸ் லென்ஸின் நடுவரை வளர்ந்துவிடாது. ஈரத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால்தான் இப்படிப் பரவும். லென்ஸின் மேல்பூச்சான கோட்டிங்கையும் அரித்துவிட்டது, துடைத்தாலும் தடம் இருக்கும் என்று லென்ஸ் பிரித்துப் பார்த்த மெக்கானிக் கை விரித்துவிட்டார்.

105 எம்எம்மின் கதை இன்னும் மோசம். "35-ல 105ன்னா போர்ட்ரெய்ட் லென்ஸ், இதுலயும் அப்படித்தான்" என்று சொல்லி அந்த 38,000-இல் அதற்கென்று 9,000 போட்டிருந்தார். இந்த கேமராவின் 6x6 செ.மீ. சதுரப் படத்தில், லென்ஸின் எண்ணில் பாதிக்குச் சற்று மேல்தான் 35 எம்எம் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 80 என்பது 35 எம்எம் கணக்கில் சுமார் 44, அதாவது சாதாரண நார்மல் லென்ஸ். 105 சுமார் 58. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. முகம் எடுக்க 135 அல்லது 180, மலைக்காட்சிக்கு 65 அல்லது 55 என்று போயிருந்தால் அர்த்தம் உண்டு. தொடங்குகிறவருக்கு 80 ஒன்றே போதும்.

'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அச்சடித்த துண்டுச்சீட்டை நீட்டுகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

அவர் இப்போது இன்னொரு சி220-ஐ விளம்பரம் போட்டிருக்கிறார். எல்லாப் படத்திலும் மேல் லென்ஸ்தான் பளபளக்கிறது. போகிறவர்கள் கையில் டார்ச் எடுத்துப் போங்கள். பின்கதவைத் திறந்து 1, 1/2, 1/4 என்று ஒவ்வொன்றாக அவரையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.